‘சாட்டல்’ என்னும் பழஞ்சொல்

கடன் பத்திரம், பாகப் பத்திரம், நீதிமன்றத் தீர்ப்பின் நகல் ஆகியவற்றை எப்போதேனும் கையில் எடுத்துப் பார்த்த அங்கத்தினர்கள், அவற்றில் ‘தாவர ஜங்கமச் சொத்துக்கள்’ என்றொரு தொடர் வருவதைக் கண்டிருக்கக்கூடும். நிலம், வீடு, கிணறு, தோப்பு போன்று இடம் பெயராதவை தாவரச் சொத்து. ஆடு, மாடு, தானியம், நூல், தறி, நகை, பண்ட பாத்திரம் முதலாக எடுத்துச் செல்லவோ ஓட்டிச் செல்லவோ கூடியவை ஜங்கமச் சொத்து. இந்த இரண்டாம் வகைக்கு ஆங்கில நாட்டுச் சட்டத்தில் ‘சாட்டல்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. அந்நாட்டுப் பத்திரங்களில் சரக்குகளும் சாட்டல்களும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

வேற்று நாட்டுச் சொல் ஒன்றின் பிறப்பை ஆராய்வதனால் நெசவாளருக்கும் விவசாயிக்கும் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். இச்சொல்லின் வரலாற்றில் உழவனின் மாடும் இருக்கிறது. சங்கத்தின் பங்கு மூலதனமும் இருக்கிறது. மனிதனே விலைப்பொருளாக எண்ணப்பட்ட கொடுமையும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் வாழும் நமக்கு இம்மூன்றும் தொலைவான செய்திகள் அல்ல. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்

லத்தீன் மொழியில் ‘காபுட்’ என்றால் தலை என்று பொருள். அதிலிருந்து தலைமையானது, முதன்மையானது என்னும் பொருளில் ‘காபிடாலே’ என்ற சொல் பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஒருவனுடைய முதன்மையான சொத்தையும், வட்டி நீங்கலான அசல் தொகையையும் இச்சொல்லால் குறித்தனர். மாடுகளைத் தலை தலையாக எண்ணியதால் இச்சொல் தோன்றிற்று என்று கூறுவோர் உளர். அது பொருத்தமான விளக்கம் அன்று. தலையாய சொத்து என்பதே முதலில் தோன்றிய கருத்து. மாடு அதற்குள் பின்னரே வந்து சேர்ந்தது.

1066-ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டவர் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கினர். அவர்கள் பேசிய வடபிரெஞ்சு வழக்கில் ‘காபிடாலே’ என்பது தேய்ந்து ‘கடேல்’ என்றாகியிருந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘கேட்டில்’ ஆயிற்று. இன்று பள்ளிப் பிள்ளையும் ‘கேட்டில்’ என்றால் மாடு கன்றுகள் என்று சொல்லிவிடும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது எல்லா வகையான உடைமைக்கும் வழங்கிய பொதுச்சொல். குடியானவனுடைய உடைமையில் பெரும்பகுதி கால்நடையாகவே இருந்தமையால், காலப்போக்கில் பொதுப்பொருள் மறைந்து கால்நடை என்ற சிறப்புப் பொருளே நிலைத்துவிட்டது.

அதே லத்தீன் சொல் பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சு வழக்கில் ‘சாடேல்’ என ஒலித்தது. அவ்வடிவம் ஆங்கிலத்தில் ‘சாட்டல்’ என்றாகிச் சட்டம் பயின்றோர் கையில் தங்கிற்று. அவர்கள் நிலம் நீங்கலான உடைமைகளுக்கு அதனைக் கலைச்சொல்லாகப் போற்றி வந்தனர். பின்னர் அந்த லத்தீன் சொல்லே மூன்றாம் முறையாக, அதிகம் உருமாறாமல், வணிகர்களின் கணக்கேடுகள் வழியாக நுழைந்து ‘கேபிடல்’ என்று நின்றது. நமது சங்க ஆண்டறிக்கையில் பங்கு மூலதனம் என்று அச்சிடப்படுவது இதைத்தான்.

இவ்வாறு மாடு, அசையும் பண்டம், மூலதனம் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை. தொழுவத்துக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, கடைவீதிக்கு ஒன்று என்று அவை பிரிந்து குடியேறின.

மாடும் செல்வமும்

மாட்டையும் செல்வத்தையும் ஒன்றாக எண்ணும் வழக்கம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. லத்தீனில் கால்நடைக்குப் ‘பெகுஸ்’ என்று பெயர். அதனின்றும் பிறந்ததே பணத்தைக் குறிக்கும் ‘பெகூனியா’ என்ற சொல். பழைய ஆங்கிலத்தில் கால்நடையையும் பணத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர். ஜெர்மானிய மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் கால்நடை என்ற பொருளிலேயே வழங்குகிறது. கிரேக்கர்கள் குட்டிக்கும் வட்டிக்கும் ‘டோகோஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்திருந்தனர். ‘வட்டி குட்டி போடுகிறது’ என்று நம் ஊர்களில் கடன்பட்டோர் வருந்திச் சொல்வதை இங்கே நினைவு கூர்க. எங்கோ இருந்த கிரேக்கனும் நம் உழவனும் ஒரே உவமையைக் கண்டிருக்கிறார்கள்.

தமிழிலும் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 400-ஆம் குறளில் வள்ளுவர் இச்சொல்லை ஆளுகிறார். பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் அங்கே அதற்குச் செல்வம் என்றே பொருள் கொண்டனர். கல்வி ஒன்றே அழிவற்ற செல்வம், மற்றவை செல்வம் ஆகா என்பது அக்குறளின் கருத்து.

நமது வட்டாரமே இவ்வழக்கத்துக்குச் சான்று நிற்கிறது. சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட நாட்டின் தலைநகரான திருக்கோவலூர், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவிலூர் ஆகும். பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், கவரப்பட்ட நிரையை மீட்பதைக் கரந்தை என்றும் தமிழர் போர்முறையில் வகுத்திருந்தனர். படையெடுப்பு மாட்டைக் கவர்வதில் தொடங்கியதற்குக் காரணம், அந்நாளில் செல்வம் என்பது மாடாகவே இருந்தமைதான். கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கம் பகுதியில், நிரை மீட்கும் போரில் உயிர் நீத்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் பல கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தொகுத்து 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது.

மற்றப் பொருள்களை விடுத்து மாட்டை ஏன் செல்வத்துக்கு அளவாகக் கொண்டனர்? காரணம் எளியது. மாடு உழும், பால் தரும், எருத் தரும், கன்று ஈனும், தானே நடந்து உடைமைக்காரனோடு ஊர்விட்டு ஊர் வரும். பெட்டியில் வைத்த பொன் பெருகுவதில்லை. தொழுவத்தில் கட்டிய பசு பெருகும். உழைப்பைச் சேர்த்தால் மேலும் விளைவைத் தரக்கூடிய பொருளே மூலதனம் எனப்படும். அந்த இலக்கணம் முதன்முதலில் மாட்டுக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. தமிழில் ‘முதல்’ என்ற சொல்லும் இக்கருத்தையே தாங்கி நிற்கிறது. தொடக்கம் என்பதும் அதன் பொருள். வணிகத்தில் இட்ட பணம் என்பதும் அதன் பொருள்.

தறியும் ஏர்மாடும் பெறும் காப்பு

இந்தியச் சட்டங்கள் ‘சாட்டல்’ என்ற சொல்லைப் பெரிதும் விடுத்து, அசையும் சொத்து, அசையாச் சொத்து என்ற பாகுபாட்டை மேற்கொண்டுள்ளன. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டமும் இவ்வாறே வகுத்துச் செல்கின்றன. சொல் மாறினும், அசையும் பொருள்களில் எதைக் கடனுக்காகப் பறிக்கலாம், எதைப் பறிக்கலாகாது என்ற வினா நிற்கவே செய்கிறது. அதற்குச் சட்டம் அளிக்கும் விடையை நமது அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, தீர்ப்புக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாத பொருள்களை வரிசைப்படுத்துகிறது. கடனாளியும் அவர் மனைவி மக்களும் உடுக்கும் இன்றியமையாத உடைகள், சமையற் பாத்திரங்கள், படுக்கை ஆகியவை முதலில் வருகின்றன. அடுத்துக் கைத்தொழிலாளியின் கருவிகள் கூறப்படுகின்றன. கடனாளி விவசாயியாக இருப்பின், அவருடைய உழவுக் கருவிகளும், அவர் பிழைப்புக்குத் தேவையென்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதைத் தானியமும் காக்கப்படுகின்றன. குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் நாடாவும் அச்சும், புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செதுக்குபவரின் உளியும், புன்செய் உழுபவரின் ஏர்மாடும் ஒரே வரிசையில் வைத்துக் காக்கப்படுதலைக் காண்க.

இப்பிரிவின் கருத்து தெளிவானது. ஒருவன் கடன்பட்டிருக்கலாம்; அதனால் அவன் உழைத்துண்ணும் வழியையே பறித்துவிடலாகாது. தறி போயின் நெசவாளன் கடனையும் அடைக்க இயலாது, வயிற்றையும் நிரப்ப இயலாது.

எனினும் ஓர் எச்சரிக்கை. இக்காப்பு ஜப்திக்கு எதிரானது. தறியையோ மாட்டையோ குறிப்பிட்டு, அதனையே ஈடாக எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருப்பின் நிலைமை வேறாகலாம். ஆகையால் எந்தப் பத்திரத்தில் கையொப்பமிடும் முன்னரும், எது ஈடு, எவ்வளவு வட்டி, எப்போது தவணை என்பனவற்றைப் படித்தறிதல் வேண்டும். படிக்க இயலாதவர் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்தல் வேண்டும்.

மனிதனும் பண்டமும்

‘சாட்டல்’ என்ற சொல்லின் வரலாற்றில் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்கத் தோட்டங்களிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருந்த காலத்தில், அவர்கள் சட்டப்படி உடைமைப் பொருளாகவே எண்ணப்பட்டனர். மாட்டையும் மரச்சாமானையும் எழுதிய பட்டியலிலேயே ஆண், பெண், குழந்தை என்று மனிதர்களையும் விலையிட்டு எழுதினர். இன்றும் அவ்வகை அடிமை முறையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரில் ‘சாட்டல்’ என்ற சொல்லே முன்னிற்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833-இல் இயற்றிய ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை அச்சட்டம் விலக்கி வைத்தது. இந்தியாவில் அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்ற சட்டம் 1843-ஆம் ஆண்டிலேயே வந்தது.

சட்டம் வந்த பின்னரும், கடனைக் காரணமாகக் கொண்டு மனிதனைக் கட்டிவைக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் நீடித்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபர் மாதத்தில் பிறப்பிக்கப்பட்டு, 1976-இல் பாராளுமன்றச் சட்டமாயிற்று. பட்ட கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டாயப்படுத்திப் பெறுவதை அது குற்றமாக்கியது. அத்தகைய கடன்களையும் இல்லாமற் செய்தது.

அதே 1976-ஆம் ஆண்டு கல்வராயன் மலையின் வரலாற்றிலும் மறக்கவொண்ணாதது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகியும், இம்மலையில் மூன்று ஜாகிர்தாரர்களின் ஆட்சி நடந்து வந்தது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி செலுத்தி, அவர்கள் ஏவிய வேலைகளையும் செய்து வாழ்ந்தனர். 1976-இல்தான் அரசு அந்த ஜாகிர்களைத் தன் பொறுப்பில் ஏற்றது. நாடு விடுதலை பெற்ற 1947-க்கும் இந்த ஆண்டுக்கும் இடையே 29 ஆண்டுகள் கடந்துவிட்டன. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, அதன்பின் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்கெனத் தனி வட்டமும் அமைந்தது. தாலுகா அலுவலகம் ஒன்று தம் மலைமேலேயே அமைவதற்கு அம்மக்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டங்கள் வந்துவிட்டமையால் அபாயம் முற்றும் நீங்கிவிட்டது என்று கருதுவதற்கில்லை. மலையில் கடுக்காயும் புளியும் தேனும் கிடைக்கின்றன. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகின்றன. கடுக்காய் தோல் பதனிடுவோருக்கு வேண்டிய சரக்கு. பருத்தித் துணிக்கு இயற்கைச் சாயம் ஏற்றுவோரும் முதலில் துணியைக் கடுக்காய் நீரில் நனைப்பது பழைய முறை. மலையவர் பொறுக்கும் காயும் சமவெளி நெசவாளர் நெய்யும் துணியும் இவ்வாறு ஒரே தொட்டியில் சந்திக்கின்றன. ஆனால் அறுவடைக்கு முன்னரே ஒரு வியாபாரியிடம் முன்பணம் பெற்றுவிட்டவர், சரக்கை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும்படி நேரும். முன்பணத்துக்கு நூல் வாங்கி நெய்யும் தறிக்காரரின் நிலையும் அத்தகையதே. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கணக்குத் தீராமல் நிற்குமாயின், ஈடாக நிற்பது சரக்கு மாத்திரம் அன்று. அவருடைய உழைப்பும் ஈடாகிவிடுகிறது. பண்டத்துக்கு உடையவராக இருந்தவரைப் பண்டத்தோடு சேர்த்துக் கட்டும் கயிறு இதுவே.

சங்கத்தில் தலையாயது எது?

இக்கயிற்றை அறுப்பதற்குத் தோன்றிய கருவிகளில் ஒன்று கூட்டுறவு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரத்தில் 28 பேர் கூடித் தலைக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் நெசவாளர்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி ஆகிய எளிய சரக்குகளே அவர்கள் விற்றவை. சரியான எடை, கலப்படமற்ற பண்டம், ரொக்க வியாபாரம், ஒருவருக்கு ஒரு வாக்கு ஆகியவை அவர்கள் கைக்கொண்ட விதிகள்.

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் 1904-இல் வந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. கைத்தறி நெசவாளர்களின் துணியை விற்பதற்கென 1935-இல் தோன்றிய தலைமைச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. பழங்குடி மக்களுக்கு இடுபொருளும் கடனும் அளித்து, அவர்கள் கொணரும் விளைபொருளையும் காடுபடு பொருளையும் வாங்கி விற்பதற்கென 1970-களில் ‘லாம்ப்’ எனப்படும் பெரும் பலநோக்குச் சங்கங்கள் அமைக்கப்படலாயின. கல்வராயன் மலையிலும் அத்தகைய சங்கம் அமைந்தது.

இச்சங்கங்கள் யாவும் மூலதனம் இல்லாமல் நடப்பதில்லை. பங்குத் தொகை வேண்டும், வைப்புத் தொகை வேண்டும், கிடங்கில் சரக்கு வேண்டும். ஆனால் மூலதனத்துக்கு அளிக்கும் இடத்தில்தான் கூட்டுறவுச் சங்கம் மற்ற நிறுவனங்களினின்றும் வேறுபடுகிறது. ஒரு கம்பெனியில் பங்குதாரரின் வாக்கு, அவர் இட்ட பங்கின் அளவுக்கு ஏற்பப் பெருகும். நூறு பங்கு உடையவருக்கு நூறு வாக்கு; ஒரு பங்கு உடையவருக்கு ஒரு வாக்கு. அங்கே எண்ணப்படுவது பணத்தின் தலை. கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு அங்கத்தினருக்கு ஒரே வாக்கு. பத்து ஏக்கர் கரும்பு பயிரிடுபவருக்கும் அரை ஏக்கரில் சாமை விதைப்பவருக்கும், நான்கு தறி உடையவருக்கும் ஒற்றைத் தறியில் நெய்பவருக்கும் பேரவையில் ஒரே உரிமை. இங்கே எண்ணப்படுவது மனிதரின் தலை.

தலை என்ற சொல்லிலிருந்து தலையாய சொத்து என்ற கருத்துப் பிறந்து, அது மாடாகி, பண்டமாகி, மூலதனமாகி, கடைசியில் மனிதனையும் பண்டமாக்கத் துணிந்த வரலாற்றைக் கண்டோம். கூட்டுறவு அச்சொல்லை மீண்டும் அதன் பிறப்பிடத்துக்கே கொண்டுசெல்கிறது. சொத்துக்களில் தலையாயது எதுவாயினும் ஆகுக. சங்கத்தில் தலையாயவர் அங்கத்தினரே.

இவ்வுரிமை ஏட்டில் இருந்தால் போதாது. பேரவைக் கூட்டத்தின் அறிவிப்பு வரும்போது அதனை மடித்து வைத்துவிட்டு, ‘நாம் போய் என்ன ஆகப்போகிறது’ என்று இருந்துவிடுவோரைப் பல சங்கங்களிலும் காண்கிறோம். வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும் வேளையில் பாதிப் பேர் தேநீர் அருந்த எழுந்து செல்வதையும் காண்கிறோம். தம் தலையைத் தாமே எண்ணிக்கையிலிருந்து விலக்கிக்கொள்பவரைப் பிறர் எண்ணுவார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. அவர் இட்ட பங்குத் தொகை மாத்திரம் சங்கத்தில் இருக்கும், அவர் இருக்கமாட்டார்.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்று காரியங்களை வழக்கமாகக் கொள்ளுதல் நன்று. கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன் ஈடு எது என்பதைப் படித்தறிக. விளைபொருளை அவசரத்தில் விற்காமல், சங்கக் கிடங்கில் வைத்துத் தானிய ஈட்டுக் கடன் பெற வழியிருப்பின் அதனைப் பயன்படுத்தி, விலை ஏறும் காலம் பார்த்து விற்க. பேரவை கூடும் நாளில் தவறாது சென்று கணக்கைக் கேட்க. ஐயம் இருப்பின் எழுந்து வினவுக. பண்டங்கள் நமக்கு உடைமையாக இருக்கட்டும். நாம் எவர்க்கும் எதற்கும் உடைமையாகாதிருப்போமாக.